ஏ.ஓ.ஆர். தேர்வு எழுதப்போகும் நம் ஊர் வழக்கறிஞர்களுக்கு

உச்ச நீதிமன்றத்தில் வக்காலத்துப் போட்டு மனுத் தாக்கல் செய்ய ‘அட்வகேட் ஆன் ரெக்கார்டு’ (ஏ.ஓ.ஆர்.) தகுதி வேண்டும். உயர் நீதிமன்றத்தில் எவ்வளவு பெயர் எடுத்தவரானாலும் இது இல்லாமல் முடியாது. நான்கு ஆண்டுத் தொழில் அனுபவம், பின்னர் ஓர் ஏ.ஓ.ஆரிடம் ஓராண்டுப் பயிற்சி, அதன்பின் தேர்வு. நடைமுறை, வரைவு, தொழில் நெறி, முக்கியத் தீர்ப்புகள் என நான்கு தாள்கள். ஒவ்வொன்றிலும் 50 விழுக்காடு, மொத்தத்தில் 60. நான்கிலும் 55 வாங்கினாலும் தேற முடியாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

நான் அதிகம் உழைத்தது வரைவுத் தாளுக்குத்தான். மேல்முறையீட்டில் சாட்சியத்தை வரிவரியாக அலசிப் பழகிய கை, சிறப்பு அனுமதி மனுவிலும் அதையே எழுதப் பார்க்கும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். அந்த மனுவுக்கு அடிப்படையான அரசியல் சாசனத்தின் 136-வது பிரிவு மேல்முறையீட்டு உரிமை தருவதில்லை. அனுமதி கேட்க மட்டுமே வழிவிடுகிறது. தீர்ப்பு தவறு என்றால் போதாது, உச்ச நீதிமன்றம் தலையிடும் அளவுக்கு அதில் என்ன சட்டக் கேள்வி இருக்கிறது என்று காட்ட வேண்டும். வழக்கின் நிகழ்வுகளை வரிசையாகச் சொல்லும் தேதிப் பட்டியலை முதலில் எழுதுங்கள். உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்து 90 நாள் கடந்திருந்தால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் சேர வேண்டும்.

பயிற்சி ஆண்டில், மனுக்களைச் சரிபார்க்கும் நீதிமன்றப் பதிவகம் சுட்டிக்காட்டும் குறைகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். மங்கிய நகல், வக்காலத்தில் விடுபட்ட கையெழுத்து, ஆங்கில மொழிபெயர்ப்பு இல்லாத தமிழ்க் கிரயப் பத்திரம்: நடைமுறைத் தாளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

தீர்ப்புகளை வரைவோடு சேர்த்தே படியுங்கள். தீர்ப்பை மீண்டும் பார்க்கக் கோரும் சீராய்வு மனுவும் தள்ளுபடியான பிறகு, கடைசி வாய்ப்பான குறைதீர் மனுவுக்கு வழி திறந்தது 2002-இல் வந்த ரூபா அசோக் ஹுர்ரா தீர்ப்பு. மூத்த வழக்கறிஞரின் சான்று அந்த மனுவுக்கு அவசியம் என்பது அங்கிருந்து வந்ததுதான். ஒரே வாசிப்பு இரண்டு தாள்களுக்கு உதவும்.

நெறித் தாளைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். வழக்கைப் படிக்காமல் கையெழுத்தை மட்டும் கொடுத்துப் பணம் வாங்கும் ஏ.ஓ.ஆர்.களை உச்ச நீதிமன்றம் 2013-இல் கடுமையாகக் கண்டித்தது. அந்தத் தீர்ப்பை முழுதாகப் படியுங்கள். நம்பி வரும் கட்சிக்காரருக்கு நம் கையெழுத்துதான் உத்தரவாதம்.

தேறியவர் நீதிமன்றத்திலிருந்து 16 கிலோமீட்டருக்குள் அலுவலகம் வைத்திருக்க வேண்டும். பதிவு பெற்ற குமாஸ்தா ஒருவரையும் அமர்த்த வேண்டும். ஊரிலிருந்து போகிறவர்கள் டெல்லி வாடகையைப் பயிற்சிக் காலத்திலேயே விசாரித்து வைப்பது நல்லது.