கொண்டை ஆலாக்களின் அலகு நிறம் ஒருவழியாகப் பிடிபட்டது

தனுஷ்கோடி அரிச்சல்முனை மணல்திட்டில் எடுத்த ஆலா (கடற்பறவை) கூட்டப் படத்தில் பெரிய கொண்டை ஆலா எது, சிறிய கொண்டை ஆலா எது என்று இந்த முறை சந்தேகமே இல்லாமல் பிரித்துவிட்டேன். ரொம்ப நாள் ஆசை இது!

இனப்பெருக்கக் காலத்து இறகுக் கோலத்தில் சிக்கல் கிடையாது. சிறியதன் கறுப்புத் தொப்பி அலகடி வரை இறங்கும், பெரியதுக்குத் தொப்பிக்கும் அலகுக்கும் நடுவில் வெள்ளைப் பட்டை இருக்கும். பனிக்காலத்தில் இரண்டுக்குமே நெற்றி வெளுத்துவிடும். அப்புறம் அலகுதான் கதி: பெரியதுக்கு எலுமிச்சை மஞ்சள், சிறியதுக்கு ஆரஞ்சு.

அந்த நிறம்தான் படாதபாடு படுத்தியது. விடிந்த கையோடு எடுத்தால் வெயிலின் செம்மை ஏறி மஞ்சள் அலகும் ஆரஞ்சாகிறது. வெயில் ஏறட்டும் என்று காத்திருந்தால் மணலில் கானல் எழும்பி அலகின் விளிம்பே நெளிகிறது. இடையில் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். ஒயிட் பேலன்ஸை, அதாவது வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை, கேமராவின் இஷ்டத்துக்கு விட்டால் படத்துக்குப் படம் நிறம் மாறும். பகல் வெளிச்சத்துக்குப் பூட்டிவிட்டு, ரா வடிவில் (கேமரா பதிவு செய்ததை அப்படியே வைக்கும் கோப்பாக) எடுக்க வேண்டும். வெளிச்சத்தைக் கூட்டினால் மஞ்சள் வெளிறிவிடும், கொஞ்சம் குறைவாகவே வைத்தேன்.

காற்றும் கைகொடுத்தது. ஆலாக்கள் காற்றை எதிர்த்தே உட்காரும். வாடைக்காற்று எனக்குப் பக்கவாட்டில் அடிக்கும்படி நின்றேன்; வரிசை முழுக்க அலகு பக்கவாட்டில் தெரிந்தது. பெரியதன் அலகு நீளம், நுனிப்பக்கம் லேசாகக் கீழே வளையும். சிறியதுடையது மெலிந்து நேராக இருக்கும்.

நிறத்தில் குழப்பம் வந்தால் முதுகைப் பாருங்கள். நம் கடற்கரைக்கு வரும் பெரிய கொண்டை ஆலாவின் முதுகு அடர் சாம்பல், பக்கத்தில் நிற்கும் சிறியதுடையது வெளிர் சாம்பல். இரண்டும் அடுத்தடுத்து நின்றால் இதுவே போதும். என்னைக் கேட்டால் அலகை விட நம்பகமான அடையாளம் இதுதான். தனியாக நிற்கும் பறவையிடம் மட்டும் பலிக்காது.

ட்ரைபாட் பற்றி ஒரு வார்த்தை. வாடகைக்கு எடுத்தது எடை குறைவு, அந்தக் காற்றில் நிற்கவே இல்லை. மணல் நிரப்பிய பையைக் கட்டித் தொங்கவிட்ட பிறகுதான் அடங்கியது. உப்புக்காற்று பட்ட லென்ஸை உடனே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், காய்ந்தால் கீறல் விழும்.

இளம் பறவைகளின் படங்களை இன்னும் பிரிக்கவில்லை. அவற்றின் அலகு இரண்டு இனத்திலும் மங்கலாகவே இருக்கிறது. அதற்குள் கோடியக்கரைக் கடற்காகங்கள் மேல் மனம் போய்விட்டது: பழுப்புத் தலை, கருந்தலை என்ற இரண்டு இனமும் கலந்து பறக்கும்போது, பிரித்தறிய இறக்கை நுனியைப் படம் பிடிக்க வேண்டும். அதற்கு வேகமான (அதிக வெளிச்சத்தை உள்ளே விடும்) லென்ஸ் தேவை, விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.