உதடு முன்னே, குரல் பின்னே

ஒரு மாதமாக எங்கள் டிவியில் உதடு முதலில் அசையும், குரல் அப்புறம்தான் வரும். சீரியல் மாமியார் கத்தி முடித்து வாயை மூடிய பிறகு அந்தக் கத்தல் சாவகாசமாக வந்து சேரும். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "கம்ப்யூட்டர் படிச்சவன்தானே நீ?"

சாப்ட்வேரைப் புதுப்பித்தால் சரியாகுமாம். இந்த டிவிக்கும் வைஃபைக்கும் ஜென்மப் பகை, ஆகவே பென் டிரைவ். மாடல் எண் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் என்று, சுவருக்கும் டிவிக்கும் நடுவே கையை நுழைத்து மொபைலில் படம் பிடித்தேன். ஒட்டடை மிகத் தெளிவாக விழுந்திருந்தது. கழுத்து சுளுக்கிய பிறகு மகள் சொன்னாள்: "செட்டிங்ஸ்லயே இருக்கேப்பா."

64 ஜிபி பென் டிரைவை டிவி ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதில் ஃபைல்களை அடுக்கும் முறை எக்ஸ்ஃபேட், துரைக்கு ஃபேட்32 என்ற பழைய முறைதான் வேண்டும். விண்டோஸில் ஃபார்மட் செய்யப் போனால் 32 ஜிபிக்கு மேல் அந்தப் பெயரையே காட்டவில்லை. பீரோவைக் குடைந்து மூடி தொலைந்த 8 ஜிபி ஒன்றை எடுத்தேன். (மூடியோடு இருக்கும் பென் டிரைவை யாராவது பார்த்திருக்கிறீர்களா?)

ஃபோல்டருக்குள் போடாமல் வெளியிலேயே ஃபைலைப் போட்டுச் செருகினேன். 'ஃபைல் எதுவும் இல்லை' என்றது டிவி. மூன்று தடவை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால், பெயரின் வாலில் ஒரு (1). அவசரத்தில் இரண்டு முறை டவுன்லோடு செய்திருக்கிறேன், பிரவுசர் தன் பங்குக்கு நம்பர் போட்டுவிட்டது. வாலை நறுக்கியதும் டிவி சமாதானமானது.

'மின் இணைப்பைத் துண்டிக்காதீர்கள்' என்று எழுத்து வந்தது. அப்பா சுவிட்ச் போர்டுக்குக் காவல் நின்றார். 62 சதவீதத்தில் எல்லாம் நின்றுவிட்டது. பத்து நிமிடம் ஆகியும் அசையவில்லை. அம்மா ஆரம்பித்தார், "நல்லா இருந்த டிவி..." காவலுக்கு நின்றவரின் விரல் மெல்ல சுவிட்சை நோக்கி நகர்ந்தது. "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா..."

"தொடாதீங்கப்பா!"

நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டில் ஜன்னல் திறந்தது. அப்பா கையை இழுத்துக்கொண்டார். மிக்ஸி முதல் மோட்டார் வரை ஆயுள் முழுக்க அந்த ஒரே வைத்தியத்தால் பிழைக்க வைத்தவர், பாவம். அப்புறம் திரை கறுத்து, எங்கள் எல்லோருக்கும் மூச்சு நின்று, லோகோ வந்தது.

ராத்திரி சீரியல். உதடும் குரலும் ஒன்றாக வந்தன. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன்.

"என்ன சொன்னா அவ?"

சொன்னேன். அடுத்த வசனத்துக்கும் கேட்டார். அதற்கடுத்ததற்கும்.

"முன்னாடி வாயைப் பார்த்துக்குவேன், அப்புறம் சத்தம் வரும், சரியா இருக்கும். இப்ப ரெண்டும் சேர்ந்து ஓடிடுதுடா."

அப்பா என்னைப் பார்த்தார். நான் ரிமோட்டை எடுத்து 18-லிருந்து ஒவ்வொன்றாக ஏற்றினேன். 31-ல் அம்மா தலையை ஆட்டினார்.