4-3-2-1 கிளேஸில் இரும்பு ஆக்சைடு: மாதிரி ஓடுகளில் கண்டது

பூமியின் மேலோட்டில் எடைக்கணக்கில் முன்னால் நிற்பவை ஆக்சிஜன், சிலிக்கான், அலுமினியம், இரும்பு, கால்சியம். கூடவே கொஞ்சம் பொட்டாசியம் இருந்தால் ஸ்டோன்வேர் எனும் உயர்சூட்டு மண்பாண்டத்தின் மேல் உருகிப் படியும் கண்ணாடிப் பூச்சை, அதாவது கிளேஸை, முழுதாகவே கூட்டிவிடலாம்.

4-3-2-1 என்பது கலவை விகிதம். உலர் எடை 100 கிராமுக்குப் பொட்டாஷ் பெல்ட்ஸ்பார் (பொட்டாசியம் உள்ள பாறைத் தாது) 40, குவார்ட்ஸ் தூள் 30, சுண்ணக்கல் தூள் 20, சீனாக்களி 10. மின்சூளை, கோன் 10 (சூளைச் சூட்டை அளக்கும் கூம்பின் எண்), ஏறத்தாழ 1285 டிகிரி செல்சியஸ்.

இதை ஆக்சைடுகளாகப் பிரித்துப் பார்த்தால்தான் பிடிபடும்: சிலிக்கா 60.5, அலுமினா 11.3, கால்சியம் ஆக்சைடு 11.2, பொட்டாசியம் ஆக்சைடு 6.8. மீதிப் பத்துக் கிராம் கார்பன் டை ஆக்சைடும் நீராவியுமாகச் சூளையில் போய்விடும். சிலிக்கா தனியே உருக 1700 டிகிரிக்கு மேல் வேண்டும். அலுமினாவுக்கு 2000க்கு மேல், கால்சியம் ஆக்சைடுக்கு 2500க்கும் மேல். அதே மூன்றும் சுமார் 62 : 15 : 23 என்ற எடை விகிதத்தில் கலந்தால் 1170 டிகிரியிலேயே உருகத் தொடங்குகின்றன! பொட்டாசியம் சேர்ந்தால் இன்னும் இளகும். அலுமினா குறைந்தால் கிளேஸ் வழிந்து சூளைத் தட்டில் ஒட்டிக்கொள்ளும்.

தூளோடு 2 கிராம் பென்டோனைட்டை (மிக நுண்ணிய களிமண்) உலர்வாகவே கலந்து, 85 மில்லி தண்ணீரில் கொட்டி ஊறவிட்டு, 80 மெஷ் (அங்குலத்துக்கு 80 கண்) சல்லடையில் இரண்டு முறை வடிக்க வேண்டும். பென்டோனைட் இல்லையென்றால் குவார்ட்ஸ் அடியில் கல்லாகப் படிந்துவிடும். குவார்ட்ஸ் தூசு நுரையீரலைக் கெடுப்பது, மாஸ்க் இல்லாமல் எடை போடவே கூடாது. மேசையையும் ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும்.

முதல் சூடு போட்ட மாதிரி ஓட்டினை இதில் மூன்று நொடி முக்கினால் பூச்சு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும்.

இந்தக் கலவையில் சேர்த்த சிவப்பு இரும்பு ஆக்சைடு 1 சதவீதத்தில் மங்கிய பாலேட்டு நிறம். 2ல் வைக்கோல் மஞ்சள், 4ல் தேன், 8ல் கரும்பழுப்பு. பூச்சு மெலியும் விளிம்பில் மட்டும் செம்பழுப்பு தெரிகிறது. 2 சதவீதக் கலவையையே கேஸ் சூளையில் ஆக்சிஜனைக் குறைத்துச் சுட்டால் செலடான் எனும் வெளிர்பச்சை வரும், இரும்பு ஆக்சிஜன் குறைந்த ஃபெரஸ் நிலைக்கு இறங்குவதால்.

8 சதவீத ஓட்டில் கொப்புளம் தட்டியதற்கும் இரும்புதான் காரணம். சுமார் 1230 டிகிரியைத் தாண்டினால் ஃபெரிக் ஆக்சைடு, அதாவது சிவப்பு இரும்பு ஆக்சைடு, ஆக்சிஜனை விட ஆரம்பிக்கும். தடித்த பூச்சில் அந்தக் குமிழி மாட்டிக்கொள்கிறது. உச்சச் சூட்டிலிருந்து 50 டிகிரி இறக்கி 20 நிமிடம் நிறுத்தினால் கொப்புளம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பூச்சில் விழும் ஊசித்துளை வேறு விஷயம். சுண்ணக்கல் விடும் வாயு அதற்கு ஒரு காரணம். 20 சுண்ணக்கல்லை எடுத்துவிட்டு 23.2 வோலாஸ்டோனைட் (கால்சியம் சிலிக்கேட் தாது) போட்டு, குவார்ட்ஸை 30லிருந்து 18 ஆக இறக்கினால் ஆக்சைடு கணக்கு மாறாது, சுண்ணக்கல்லின் வாயுவும் வராது. அடுத்த சூளையில் 4, 8 சதவீத ஓடுகளை இந்தக் கலவையில் வைத்துப் பார்க்க வேண்டும்.