புலவாயோ (ஜிம்பாப்வே) நாட்குறிப்பு, 2024

செப்டம்பர் 22, ஞாயிறு

படி இல்லாத வீடு. அதற்காகத்தான் ஹராரேயிலிருந்து 440 கிலோமீட்டர் வந்தோம். லாரி சாயங்காலம் வந்தது. கட்டில், சக்கர நாற்காலி, கிரைண்டர், புத்தகப் பெட்டிகள். இந்த நேரத்தில் புத்தகத்தை எதுக்குக் கட்டிக்கிட்டு அழறே என்று அண்ணி போனில் கேட்டாள். ஊம் கொட்டிவிட்டு வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 24

தண்ணீர் வரவில்லை.

செப்டம்பர் 26, வியாழன்

பகலுக்கு ஒரு சிஸ்டர் கிடைத்தாள். ட்ஷொலொட்ஷோ பக்கத்துக் கிராமம். என் வயசுதான் இருக்கும். உள்ளே வந்ததும் என் புருஷனைப் பார்த்து "சலிபோனானி" என்றாள். இந்தப் பக்கத்து இந்தெபெலே மொழியில் வணக்கம். இத்தனை நாளாக வாயைத் திறக்காத மனுஷன் பளிச்சென்று "மங்வனானி" என்றார்.

ஷோனாவில், ஹராரே பக்கத்து மொழியில்! இங்கிலீஷ் போய்விட்டது. தமிழ் பாதி போய்விட்டது. ஷோனா மட்டும் எங்கிருந்தோ வருகிறது. பல மொழி தெரிந்தவர்களுக்கு எல்லா மொழியும் ஒரே அளவில் போவதில்லை, எது மிஞ்சும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த நேரம் போக, பியூனோடும் தக்காளி விற்கிறவளோடும் பேசிப் பேசியே அந்த மொழியைப் பிடித்தவர். அது நிற்கிறது. நான் நிற்கவில்லை.

சிஸ்டர் முகம் மாறவில்லை. ஆனால் அதற்கப்புறம் நாள் முழுக்க இங்கிலீஷில்தான் பேசினாள்.

செப்டம்பர் 28, சனி

நேற்று இந்த நாட்டு நாணயமான ஜிக் நோட்டின் மதிப்பை ஒரே அடியாக 43 விழுக்காடு இறக்கிவிட்டார்கள். மருந்துக்கடையில் டாலர் மட்டும்தான் வாங்குவார்களாம். கையில் இருந்த ஜிக்குக்கு ரொட்டி வாங்கினேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

முங்கோஷி நினைப்பாகவே இருக்கிறது. எழுத்தாளர் சார்ல்ஸ் முங்கோஷிக்கு 2010-ல் மூளைத் தாக்குதல். 2019 பிப்ரவரியில் இறந்தார், 71 வயது. நடுவில் ஒன்பது வருஷம். அவரைப் பற்றி யார் எழுதினாலும் அந்த ஒன்பது வருஷத்தை இரண்டு வரியில் தாண்டிவிடுகிறார்கள். 2013-ல் ஒரு நாவலைக் குடும்பமே அச்சுக்குக் கொண்டுவந்தது. அந்த வீட்டில் யார் எழுந்தார்கள், யார் கஞ்சி ஊட்டினார்கள், யார் கையெழுத்துப் பிரதியைத் தேடி எடுத்தார்கள்?

அவர் மனைவி ஜெசெஸி நடிகை. 'நேரியா' படத்தில் (1993) புருஷன் செத்ததும் கொழுந்தன் சொத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு போகும் விதவையாக நடித்தவர். அந்த அம்மாவைத்தான் யோசிக்கிறேன். எழுத்தாளரை யோசிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

அக்டோபர் 4, வெள்ளி

தூக்கம் இல்லை. புத்தகங்களை அடுக்கினேன். 1975-ஐ மறுபடி பார்த்து அசந்துபோனேன். ஒரே வருஷத்தில் முங்கோஷிக்கு இரண்டு நாவல்: ஷோனாவில் 'ந்திகோ குபிந்தனா க்வமஸுவா', இங்கிலீஷில் 'வெயிட்டிங் ஃபார் தி ரெயின்'. ஆளுக்கு வயது 27, 28. இரண்டும் ஒரே கதையின் இரண்டு பிரதிகள் இல்லை. ஷோனாவில் ஒரு கல்யாணம் நாள்பட நாள்படக் கசந்து அழுகுகிறது. இங்கிலீஷில் கிராமத்து வீட்டைப் பார்க்கவே பிடிக்காத ஓவியக்காரப் பையன், பேர் லூசிஃபர், வெளிநாடு போகுமுன் அங்கே சில நாள் தங்க வருகிறான்.

இன்னொன்று. அவருடைய முதல் இங்கிலீஷ் சிறுகதைத் தொகுப்பு 1972-ல் நைரோபியில் அச்சானது. விடுதலைக்கு முன் இங்கே இருந்த வெள்ளையரின் ரோடீஷிய அரசு அதைத் தடை செய்தது. அதே அரசின் இலக்கிய அலுவலகத்தில் அவர் 1975 முதல் ஆசிரியர் வேலை பார்த்தார். ஷோனா, இந்தெபெலே கைப்பிரதிகளைத் திருத்திப் புத்தகமாக்குகிற இடம் அது. ஐம்பதுகளில் வெள்ளை அரசு அதைத் தொடங்கியது. அரசியல் கூடாது. காதல் எழுதலாம், கிராமத்தின் மேன்மை எழுதலாம், பட்டணத்துக்குப் போய்க் கெட்டவன் கதை எழுதலாம். சம்பளக் கவரையும் தடை உத்தரவையும் ஒரே முத்திரை குத்தித் தருகிற இடத்தில் காலையில் போய் உட்கார்ந்து என்ன நினைத்திருப்பார்?

முதல் நாவல்கள் இரண்டு மொழியிலும் 1956-ல் ஒன்றாகத்தான் வந்தன. ஷோனாவில் சாலமன் முட்ஸ்வைரோவின் 'ஃபேஸோ'. பழங்கால ராஜா கதை என்று பேர். உள்ளே, வெள்ளையரை எதிர்த்து 1898-ல் தூக்கில் போன சாமியாடி நெஹாண்டாவை அழைக்கும் ஒரு பாட்டு. கூட்டங்களில் அதைச் சொல்ல ஆரம்பித்ததும் அதிகாரிகளுக்குப் புரிந்தது, தடை வந்தது. இந்தெபெலேயில் அந்த வருஷம் எழுதியவர் இந்தபானிங்கி சிதோலே. 1963-ல் ஸானு கட்சி தொடங்கியபோது முதல் தலைவர் அவரே. பின்னால் அதே கட்சிதான் இந்தெபெலேக்காரர்களின் இந்த மட்டபெலேலாந்துக்கு...

இவர் முனகுகிறார். போய்ப் பார்க்கணும்.

அக்டோபர் 5

முதுகில் புண் வரப்போகிறது என்று பயம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டணும்.

அக்டோபர் 7, திங்கள்

எழுத்தாளர் மரெச்செரா 1979-ல் கார்டியன் பரிசு விழாவில் தட்டுகளைத் தூக்கி எறிந்தார். இன்றைக்கு எனக்கும் ஒரு தட்டு கிடைத்தால் போதும்.

அக்டோபர் 9, புதன்

இதை எழுதி வைக்கணும். நேற்று ராத்திரி கரண்ட் இல்லை. டார்ச்சைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு ஹராரே பக்கத்து வீட்டுப் பெண் விட்டுப்போன ஷோனா பாடப்புத்தகம் ஒன்றை எடுத்தேன். பாட்ரிக் சகைப்பா 1963-ல் எழுதிய 'கரந்திச்சவுயா'. ஷோனாவில் எனக்கு வந்தனம், விலை, போதும் என்பதற்கு மேல் தெரியாது. ஆனால் எழுதியிருப்பதை அப்படியே படிக்கலாம், ஒவ்வொரு அசையும் உயிரெழுத்தில் முடியும். நான் பாட்டுக்கு வாசித்தேன். இவர் சிரித்தார்! இரண்டாம் பக்கத்தில் ஒரு இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தி, நான் படித்ததை உச்சரிப்பைத் திருத்திச் சொன்னார். மாஷ்டர் புத்தி.

கதை எனக்கு முன்பே சொல்லித் தெரியும். புருஷன் வேறொருத்தி பின்னால் பட்டணம் போகிறான், கண் போய்த் திரும்பி வருகிறான், கட்டினவள் காத்திருக்கிறாள். எழுதியவர் பாதிரியார், 1976 முதல் பேராயராகவும் இருந்தவர். வேறெப்படி முடிப்பார்! இந்தக் கதையில் காத்திருந்தவளுக்கு எத்தனை பக்கம் கொடுத்திருக்கிறார் என்று எண்ணிப்பார்க்க ஆசை. மொழி தெரிந்தால் எண்ணுவேன்.

எனக்குப் புரியாததை நான் படிக்க, அவருக்குப் புரிகிறது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு ஏற்பாடு.

அக்டோபர் 12, சனி

சிஸ்டர் இரண்டு மணி நேரம் கூடுதலாக இருந்தாள். நடந்தேன். லியோபோல்ட் தகவிரா அவென்யூ முழுக்க ஜகரண்டா. கண்ணை உறுத்தும் ஊதா. இவோன் வேராவின் 'தி ஸ்டோன் வர்ஜின்ஸ்' (2002) இந்தத் தெருவில்தான் தொடங்குகிறது, அப்போது செல்போர்ன் அவென்யூ. எல்லாத் தெருவும் மாட்டுவண்டி திரும்புகிற அகலம். வெயிலில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவதற்குள் தலை சுற்றுகிறது.

ஓவியக்கூடம் திறந்திருந்தது. வேரா 1997 முதல் 2003 வரை இங்கே இயக்குநர். நாவல்களையும் எழுதிக்கொண்டு ஒரு நிறுவனத்தையும் நடத்தியிருக்கிறார். நாற்பதே வயதில், 2005-ல், டொராண்டோவில் இறந்தார். மரெச்செரா 35. செஞ்செராய் ஹோவே 59, நார்வேயில். இந்த நாட்டு எழுத்தாளர்களின் வயதைக் கூட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு எப்போது வந்தது?

அக்டோபர் 15, செவ்வாய்

'ஸ்டோன் வர்ஜின்ஸை' இவருக்கு வாசிப்பதா வேண்டாமா என்று நாள் பூராவும் மண்டைக்குடைச்சல். கேஸியில், இந்த மட்டபெலேலாந்துக் கிராமத்தில், அக்கா தங்கை இருவர். அக்காவின் தலையை வெட்டுகிறான் ஒருவன். தங்கை நொன்சேபாவின் உதட்டை அறுக்கிறான். அவள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், பேச்சில்லாமல். உதடில்லாதவள் உள்ளுக்குள் நினைப்பதையெல்லாம் வேரா பக்கம் பக்கமாக எழுதுகிறார். எனக்கு அந்தப் பக்கங்கள் வேண்டும். வாயடைத்த ஆளுக்குள் என்ன ஓடுகிறது என்று வேறு யாரும் எனக்குச் சொல்லவில்லை, டாக்டர் உட்பட.

ஆனால் இவருக்கு இங்கிலீஷ் போய்விட்டதே. யாருக்கு வாசிக்கப்போகிறேன்.

அக்டோபர் 16

"உப்பு" என்றார். தமிழில். ரசத்தில் உப்பு இல்லைதான்.

அக்டோபர் 20, ஞாயிறு

சிஸ்டர் தன் பள்ளிக்கூடத்து நாவலைப் பற்றிச் சொன்னாள்: பார்பரா மகலிசாவின் 'க்விலிந்தினி', 1974. இந்தெபெலேயில் பெண் எழுதிய முதல் நாவல் என்று டீச்சர் சொல்வாராம். முதல் எழுத்தை நாக்கை மேலே ஒட்டிச் சொடுக்கணும். நான் முயன்றேன், அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இவரும் முயன்றார். பேச்சுப் பயிற்சிக்கு வருகிறவர் சொல்லிக்கொடுக்கிற எதையும் இத்தனை ஆசையாகச் செய்ததில்லை.

சகைப்பா பேர் கேள்விப்பட்டிருக்கிறாயா என்றேன். இல்லை. முங்கோஷி? "இங்கிலீஷ் பாடத்தில் ஒரு கதை." ஹராரேயில் மகலிசா பேரைச் சொன்ன ஷோனாக்காரர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. இவர்கள் ஒருவர் புத்தகத்தை ஒருவர் படிக்க இங்கிலீஷ் வழியாகத்தான் வரணும் போல. முங்கோஷி கென்யாக்காரரான கூகியின் நாவலை 1987-ல் ஷோனாவுக்குக் கொண்டுவந்தார். இக்னேஷியஸ் மபாஸா, டங்கரெம்ப்காவின் இங்கிலீஷ் நாவலை ஷோனாவாக்கிவிட்டார். நைரோபியிலிருந்து ஹராரேக்கு வழி இருக்கிறது. ஹராரேயிலிருந்து புலவாயோவுக்கு ஒரு நாவல் வந்து நான் கண்டதில்லை. பஸ் தினமும் வருகிறது.

அக்டோபர் 21

நேற்று எழுதியதைப் படித்தேன். இதையெல்லாம் சரிசெய்ய நான் யார்? துணி துவைக்கணும்.

அக்டோபர் 24, வியாழன்

ரேடியோவில் குகுராஹுண்டி விசாரணை பற்றிப் பேச்சு. முகாபேயின் ஸானு அரசு படையை அனுப்பி இந்தப் பக்கத்து ஜனங்களைக் கொன்ற கொலைகள். ஜூலையில் ஜனாதிபதி இந்த ஊரில் தொடங்கிவைத்தார்: கிராமத் தலைவர்கள் மக்களைக் கூப்பிட்டுக் கேட்பார்களாம். நடந்தது 1983-லிருந்து 87 வரை. சிஸ்டர் எழுந்துபோய் ரேடியோவை அணைத்தாள்.

கொஞ்சம் கழித்து அவளாகவே சொன்னாள். அந்தப் படை, ஐந்தாம் படைப்பிரிவு, ஊருக்கு வந்தபோது அவள் சின்னப் பிள்ளை. ராத்திரி முழுக்க எல்லாரையும் உட்கார வைத்துக் கட்சியைப் புகழ்ந்து பாடச் சொல்வார்கள். ஷோனாப் பாட்டு. யாருக்கும் அர்த்தம் தெரியாது. தப்பாகப் பாடினால் அடி. "எனக்கு இப்பவும் முழுசா வரும்" என்றாள். பாடிக்காட்டவில்லை. இவருடைய நகத்தை வெட்டிக்கொண்டே சொன்னாள், கை நடுங்கவில்லை.

அவள் போனபிறகுதான் ராத்திரி வாசிப்பு. பகலில் அந்த ஷோனாப் புத்தகம் மேஜைமேல் கிடக்கக்கூடாது என்று அலமாரிக்குள் வைத்தேன். அவள்தான் தூசி துடைக்கிறாள், என்றைக்கோ பார்த்திருப்பாள்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. கடலைமாவு கிடைத்தது, எண்ணெய் விலை கேட்டுத் திரும்பி வந்தேன். அம்மா வீடியோவில் இவரைப் பார்த்து அழுதாள். இவர் அவளுக்கு ஷோனாவில் ஆறுதல் சொன்னார்.

நவம்பர் 2

வெயில். கரண்ட் பதினெட்டு மணி நேரமாக இல்லை. மரெச்செராவைத் திறந்து மூடினேன். ஷோனாவைத் தன் சேரிப் பிசாசோடு சேர்த்துத் தூக்கிப்போட்டுவிட்டு இங்கிலீஷுக்கு ஓடி, அதையும் அடித்து நொறுக்கினவர். கெட்டிக்காரர், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவருக்குப் பின்னால் பாத்திரம் கழுவியவர்கள் யார் என்றுதான் எனக்கு ஓடுகிறது.

நவம்பர் 4, திங்கள்

வெள்ளிக்கிழமை சிஸ்டர் அலமாரியிலிருந்து 'ஸ்டோன் வர்ஜின்ஸை' எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேஸி என்ற பேரைப் பார்த்துவிட்டாள் போல. கொண்டு போ என்றேன். இன்று திருப்பிக் கொடுத்துவிட்டாள், பாதிகூட முடியவில்லை.

"நன்றாக எழுதியிருக்கிறாள். ஆனால் அம்மா, இதை ஏன் இங்கிலீஷில் எழுதினாள்? என் தாய்க்கு இங்கிலீஷ் தெரியாது. நடந்தது அவளுக்கு."

முகாபே நாற்காலியில் இருக்கும்போதே ஹராரே பதிப்பகம் இதைப் போட்டது பெரிய விஷயம் என்றேன். இந்தெபெலேயில் எழுதியிருந்தால் ஹராரேக்காரன் எவன் படித்திருப்பான் என்றேன். அவள் கேட்டுக்கொண்டாள். "ஹராரேக்காரனுக்காக எழுதினாளா?" என்றாள். வேராவின் முதல் நாவல் நெஹாண்டாவைப் பற்றி, அது ஷோனா நாட்டுக் கதை, அவருக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அது அவள் கேட்ட கேள்விக்குப் பதிலே இல்லை. அதற்குள் கரண்ட் வந்துவிட்டது, மோட்டார் போட ஓடினேன்.

நவம்பர் 6

ரிப்போர்ட் நாளைக்காம். ஏழரைக்கே வெறும் வயிற்றோடு கூட்டிவரச் சொன்னார்கள்.