விசர் ஊசி போட்ட நாயும் காட்டுக்கரைச் சிறுத்தையும்

திருகோணமலை மாவட்டத்தில் பன்குளம், திரியாய்ப் பக்கத்துக் காட்டோர வீடுகளில் நாய்க்கு ஊசி போட்டாச்சா என்று கேட்டால், "ஓம், போட்டாச்சு" என்பார்கள். போட்டது விசர்நோய்க்கான இலவச ஊசி. அது கட்டாயம் தேவை. ஆனால் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயை அது தடுக்காது. அதற்குத் தனி ஊசி, காசு கொடுத்துத்தான் போட வேண்டும்.

டிஸ்டெம்பர் சின்னமுத்து வைரசின் சொந்தக்காரன். நாய்க்கு முதலில் காய்ச்சல், கண்பீளை, மூக்குச்சளி, பிறகு கழிச்சல், கடைசியில் வலிப்பு. வீட்டுப் பூனைக்கு இது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. பெரிய பூனைகளைத்தான் கொல்லும். 1994இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டிக் காட்டில் இதனால் ஏறத்தாழ 1000 சிங்கங்கள் செத்தன. 2018இல் குஜராத்தின் கிர் காட்டிலும் இதே வைரஸ். நம் சிறுத்தை நாயையும் பிடித்துத் தின்னும். நோயுள்ள நாய் ஓட மாட்டாது, அதுதான் முதலில் மாட்டும்.

சிறுத்தையின் இரத்தத்தில் இந்த வைரசுக்கான எதிர்ப்பொருள் இருந்தால், அது எப்போதோ தொற்றுக்கு ஆளாகித் தப்பியிருக்கிறது என்றுதான் அர்த்தம். இப்போது நோய் இருக்கிறது என்றல்ல. செத்தவை இரத்தம் கொடுக்க வருவதில்லை, ஆகவே அந்தக் கணக்கு எப்போதும் குறைவாகவே தெரியும்.

நாய்க்குட்டிக்கு டிஸ்டெம்பருக்கான முதல் ஊசி 6 முதல் 8 வாரத்தில். பிறகு 3, 4 வாரத்துக்கு ஒன்று, கடைசி ஊசி 16 வாரம் நிரம்பிய பிறகு. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஊசி மருந்தையே அழித்துவிடும். அது எந்த வாரத்தில் வடியும் என்று குட்டிக்குக் குட்டி மாறும். ஒரு ஊசியோடு நிறுத்துவதுதான் இங்கே நடக்கிற பெரிய பிழை. ஒரு வருடத்தில் இன்னொன்று போட வேண்டும்.

மருந்து 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டும். திருகோணமலை டவுனிலிருந்து பைக்கில் கொண்டுபோனால் ஐஸ் பெட்டி வேண்டும், சேர்ட் பொக்கட் சரிவராது. மருந்துத் தூளைக் கரைத்ததும் உடனே போட வேண்டும். ஸ்பிரிட்டில் கழுவிய சிரிஞ்சி மருந்திலுள்ள வீரியம் குறைத்த உயிர் வைரசைக் கொன்றுவிடும், புதுசு எடுங்கள். செலவு மிச்சம் பிடிக்க ஒரு குப்பியை இரண்டு குட்டிக்குப் பிரித்தால் இரண்டுக்கும் பயனில்லை. சின்ன நாய்க்கும் முழு அளவுதான்.

வீட்டுப் பூனைக்கு வேறு ஆபத்து: பான்லூக்கோபீனியா என்ற இன்னொரு வைரஸ் நோய். டிஸ்டெம்பர் வைரஸ் வெயிலிலும் சவர்க்காரத்திலும் செத்துவிடும். பான்லூக்கோபீனியா வைரசோ ஒரு வருடம்வரை தரையில் கிடக்கும். வாசனைத் தரைத் திரவங்கள் பலவற்றுக்கு அசையாது. அழுக்கை முதலில் கழுவி, 1 பங்கு பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடம் ஊற விடுங்கள். பூனைக்கும் அதற்குரிய ஊசியை 16 வாரம்வரை அதே ஒழுங்கில் போட வேண்டும்.

நாய்க்கு மட்டும் ஊசி போட்டால் காடு தப்பிவிடுமா? செரங்கெட்டியைச் சுற்றியுள்ள ஊர் நாய்களுக்குப் போட்ட பிறகும் சிங்கங்களிடம் வைரஸ் தென்பட்டது. நரி, மரநாய் போன்றவையும் அதைச் சுமக்கும். அதற்காக ஊசியை விடலாம் என்றில்லை. ஊரில் நம் கைக்கு எட்டுவது நாய்தான்.

செத்த நாயைக் காட்டோரம் எறியாதீர்கள், சிறுத்தை அழுகலையும் தின்னும். மூன்றடிக்குக் குறையாத குழியில், சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். வலிப்பு வந்து செத்ததென்றால் விசராகவும் இருக்கலாம், அதனால் வெறுங்கையால் தொடாமல் முதலில் மிருக வைத்தியருக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ சொல்லுங்கள். தலையைச் சோதிக்க வேண்டிவரும். பட்டப்பகலில் தள்ளாடி, ஆளைக் கண்டும் விலகாத சிறுத்தையென்றால் கிட்டப் போகாமல் வனஜீவராசிகள் அலுவலகத்துக்கு அறிவியுங்கள்.