மைக்ரோஃபைபர் பேடு சீக்கிரம் போகுதா? சூட்டைக் கவனிங்க

காருக்கு பாலிஷ் போடுற மைக்ரோஃபைபர் பேடு (ஃபோம் மேல மெல்லிசான நாரு ஒட்டினது) விலை கம்மியில்ல, ஆனா நிறைய பேர் ரெண்டு மூணு கார்லயே தூக்கிப் போட்டுடறாங்க. பேடை கெடுக்கிறதுல முக்கியமானது சூடுதான். டிஏ மெஷினை (டூயல் ஆக்‌ஷன், அதாவது சுத்திக்கிட்டே அசையுற பாலிஷ் மெஷின்) ஃபுல் ஸ்பீடுல வச்சு அழுத்திக்கிட்டே இருந்தா நடுவுல சூடு ஏறி நாரும் ஃபோமும் ஒட்டியிருக்கிற பசை விட்டுடும், அப்புறம் என்ன துவைச்சாலும் பிரயோஜனம் இல்ல. அதனால ஒரு காருக்கு ஒரே பேடை வச்சு ஓட்டாம நாலஞ்சு பேடு மாத்தி மாத்தி போடுங்க, சூடாச்சுன்னா ஆற விடுங்க.

கதவு, பானெட்னு ஒவ்வொரு பேனல் முடிஞ்சதும் காத்தடிச்சோ பிரஷ் போட்டோ பேடுல ஒட்டியிருக்கிற காம்பவுண்டை (பாலிஷ் பேஸ்ட்டை) எடுத்துடணும், காய விட்டா நாரு எல்லாம் ஒட்டிக் கல்லு மாதிரி ஆயிடும், அந்த நாரு பெயிண்ட்ல கீறலும் போடும்.

துவைக்கிறப்ப வெதுவெதுப்பான தண்ணி, கொஞ்சம் லிக்விட் சோப்பு போதும். கம்ஃபர்ட் மாதிரி சாஃப்ட்னர், ப்ளீச் ரெண்டும் வேணவே வேணாம். நாரு பக்கம் கீழ பாக்க நிழல்ல காய வைங்க. மெஷின்ல இருந்து பேடைக் கழட்டும்போது ஓரத்தைப் புடிச்சு வெடுக்குன்னு இழுக்காதீங்க, வெல்க்ரோ பிஞ்சிடும்.