ஸ்கேன் நார்மல்தான்

பிப்ரவரி 6, 2025, வியாழன்

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று சொன்ன நாளிலிருந்து இந்த வீட்டில் என் தலைவலிக்கு மரியாதை போய்விட்டது.

அரையாண்டு விடுமுறையில் நடந்தது. பைக்கின் பின்னால் ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். வெள்ளை அடிக்காத வேகத்தடை. வண்டி தூக்கிப்போட்டதும் இவர் சமாளித்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார்; பின்னால் நான் இல்லை என்பது சற்றுத் தள்ளித்தான் தெரிந்ததாம். விழுந்ததும் ஆம்புலன்சும் எனக்கு நினைவில் இல்லை. காலில் ஒற்றைச் செருப்போடு ஒரு கட்டிலில் கிடந்ததிலிருந்துதான் நினைவு தொடங்குகிறது.

மருத்துவமனை கொடுத்த தாளில் ‘ஜி.சி.எஸ். 15/15’ என்று இருக்கிறது. தலையில் அடிபட்டவர் எவ்வளவு சுயநினைவோடு இருக்கிறார் என்று பார்க்க, 1974-இல் கிளாஸ்கோ நகரில் வகுத்த அளவுகோலாம். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, உடல் அசைவுக்கு 6. எதற்கும் அசையாதவருக்கும் 3 கிடைத்துவிடும். கணக்கு ஆசிரியைகூட இவ்வளவு தாராளமாகத் திருத்தமாட்டாள். ஆக நான் முழு மதிப்பெண் வாங்கியவள். அந்த முழு மதிப்பெண்காரிக்கு இன்று எட்டாம் வகுப்புப் பின்னக் கணக்கு ஒன்றைக் கரும்பலகையில் பாதிக்கு மேல் கொண்டுபோக முடியவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். விடியும் முன்பே தெருமுனையில் ஒலிபெருக்கி. முருகன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அந்தக் குழாய்மேல்தான். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, ஜன்னலைச் சாத்தி, படுத்தே இருந்தேன். படுக்கையில் வலப்பக்கம் திரும்பினால் உத்தரம் சுழல்கிறது; கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். மறுபடி திரும்பினால் மறுபடி.

அத்தை திருஷ்டி சுற்றி மிளகாயை அடுப்பில் போட்டார். நெடி வரவில்லை, எனவே பெரிய கண் பட்டிருக்கிறது என்றார். எனக்கு நெடி வந்து இருமல் வந்தது. சொல்லவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

ஊரிலுள்ள ஒரு கிளினிக்குக்குப் போனோம். ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு, “எல்லாம் நார்மல். டீச்சருக்குப் பள்ளிக்கூடம் போகப் பிடிக்கவில்லையா?” என்றார் டாக்டர். சத்து மாத்திரை எழுதினார். ஒரு மாதம் இருட்டறையில் அசையாமல் ஓய்வெடுக்கச் சொன்னார். இவர் சிரித்துவிட்டார். வழியெல்லாம் நான் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், தம்ளரைக் கீழே போட்டான் என்பதற்காக மகனைக் கத்தித் தீர்த்தேன். தம்ளர் எவர்சில்வர்.

பிப்ரவரி 24, திங்கள்

பஸ் பிடித்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்கு. சின்ன வயது டாக்டர். படத்தை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. “முதலில் நீங்கள் சொல்லுங்கள்” என்றார்.

தலை எப்போது சுற்றுகிறது? நிற்கும்போதா, திரும்பும்போதா? எவ்வளவு நேரம்? எந்தப் பக்கம்? காப்பி மணம் தெரிகிறதா? இரவில் தூக்கம்? வலி மாத்திரை வாரத்தில் எத்தனை நாள்? “தினமும்தான்” என்றேன். அதற்குத்தான் பேனாவைக் கீழே வைத்தார்.

பிறகு என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை வலப்பக்கம் 45 பாகை திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். தலை கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கியது. அறை சுழன்றது. “கண்ணை மூடாதீர்கள், கண்தான் சாட்சி” என்றார். கருவிழிகள் துடித்ததை இவரையும் கூப்பிட்டுக் காட்டினார். சுழல் நின்றதும் தலையை மறுபக்கம் 90 பாகை திருப்பி, அப்படியே உடம்பையும் உருட்டி, மெதுவாக உட்காரவைத்தார். எப்ளி என்ற அமெரிக்கக் காது மருத்துவர் வகுத்த முறை. உள்காதில் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் நுண்ணிய துகள்கள் இருக்கின்றன, சுண்ணாம்புக்கல்லின் அதே பொருள். அடிபட்டால் சில பிரிந்து பக்கத்துக் குழாய்க்குள் புகுந்துவிடும். அவற்றை வந்த வழியே உருட்டிவிடுவதுதான் வைத்தியம். மருந்தே இல்லை!

தலைவலி வேறு கதை. ஸ்கேன் இரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் வீக்கத்தையும் பார்க்கத்தான். குலுங்கிய மூளை எப்படி வேலை செய்கிறது என்பதை அது காட்டாது என்றார். பெரும்பாலோருக்கு மூன்று மாதத்துக்குள் தானே சரியாகும். ஆனால் வலி மாத்திரையை மாதத்தில் பாதி நாளுக்கு மேல் விழுங்கினால் அந்த மாத்திரையே தலைவலியைத் தரும். இருட்டறை வேண்டாம்; முதல் ஓரிரு நாளைக்குத்தான் அந்த ஓய்வு. தினமும் நடக்க வேண்டும், படிப்பையும் வேலையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். வலி ஏறிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் வந்தாலோ மட்டும் நேரம் பார்க்காமல் அவசரப் பிரிவுக்கு வந்துவிட வேண்டும்.

திரும்பும்போது யோசித்தேன். சாலை விபத்தென்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021-இல் வந்த ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் இருக்கிறது. உயிரைக் காக்கும் திட்டம், குறை சொல்ல மாட்டேன். 49-ஆவது மணிக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்பதையும் வீட்டுக்கு அனுப்பும் தாளில் ஒரு வரி சேர்த்தால் என்ன?

பிப்ரவரி 28, வெள்ளி

வலப்பக்கம் திரும்பிப் படுத்தேன். உத்தரம் உத்தரமாகவே இருந்தது.

இரவுக்கு அமிட்ரிப்டிலின், 10 மில்லிகிராம். மருந்துக்கடைப் பையன் “இது மனச்சோர்வு மாத்திரை” என்றதும் இவர் முகம் மாறிவிட்டது. குறைந்த அளவில் தலைவலியைத் தடுக்கவும் இதைத்தான் தருவார்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். காலையில் வாய் உலர்கிறது. வலி மாத்திரையை நிறுத்தியதில் தலைவலி முன்பைவிட அதிகம், அதையும் எச்சரித்திருந்தார்.

மார்ச் 3, திங்கள்

பிளஸ் டூ தேர்வு தொடக்கம். கண்காணிப்புப் பணியிலிருந்து விலக்குக் கேட்டு டாக்டரின் கடிதத்தைக் கொடுத்தேன். தலைமை ஆசிரியை, “ஸ்கேன் நகலும் வையுங்கள், டீச்சர்” என்றார். வைத்தால் அதில் நார்மல் என்றுதான் இருக்கும். கடிதத்தை மேலே வைத்துப் பின்னடித்துக் கொடுத்தேன். கை கட்டுப்போட்டிருந்தால் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

மார்ச் 19, புதன்

மறுபரிசோதனை. தலைசுற்றல் இல்லை. தலைவலி வாரத்தில் சில நாள், அதுவும் மாலையில். கழுத்துத் தசை இறுக்கமும் ஒரு காரணம் என்று பிசியோதெரபிக்கு அனுப்பினார். பின்னக் கணக்கை முழுதாக முடிக்கிறேன். நடுவில் ஜன்னல் பக்கம் போய் நின்றுவிட்டு வருகிறேன், பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். டியூப்லைட் மட்டும் இன்னும் கண்ணைக் குத்துகிறது.

எரிச்சலைப் பற்றி இந்தத் தடவை நானே கேட்டேன். குழந்தைமேல் பாய்கிறேன் என்றேன். அதுவும் அடிபட்டதன் பாக்கிதான், தூக்கம் சீரானால் குறையும் என்றார். ஆலோசகர் ஒருவரைப் பார்க்கவும் எழுதிக் கொடுத்தார். அடுத்த புதன் காலை வரச்சொல்லியிருக்கிறார்கள். இவரும் கூட வருகிறாராம். பஸ்ஸில்தான் போவோம் என்று சொல்லிவிட்டேன்.